குறைக்கு ஒரு வரி

ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணியைச் 'சின்னவள்' என்று அழைக்க இந்த உலகத்தில் ஒருத்திக்கு மட்டுமே உரிமை இருந்தது. அந்த ஒருத்தி பதினோரு ஆண்டுகளாக அவளோடு பேசவில்லை. அலுவலகத்தில் அவளை நேரில் 'டேஸ்டரம்மா' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'அளவுகோல்' என்றார்கள். இரண்டு பெயர்களும் அவள் காதுக்கு எட்டியிருந்தன. இரண்டாவது பெயரைப் பற்றி அவளுக்கு மனக்குறை எதுவும் இல்லை. அளவுகோல் வளைந்தால் அல்லவா அவமானம்? ஆயினும் தன்னந்தனியாக இருக்கும்போது, தன்னைத் தானே திட்டிக்கொள்ள நேரும்போதெல்லாம், அவள் தன்னைச் சின்னவள் என்றே அழைத்துக்கொண்டாள். நாமும் அப்படியே அழைப்போம்.

அவள் வேலை செய்தது ஒரு தேயிலைக் கலவை நிறுவனத்தில். மூன்றாம் மாடியில், வெயில் நேராக விழாத நீண்ட ஜன்னலை ஒட்டிய அறையில். அங்கே அவளுக்குத் தொழில் ருசி பார்ப்பது. எளிதான வேலை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஊரில் பாதிப் பேர் தேநீர் என்று குடிப்பது பாலும் சர்க்கரையும் கலந்த வெந்நீரைத்தான். தேயிலை அதில் சாட்சிக்கு நிற்கிறது. பச்சைத் தேயிலையைக் கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீரில் போட்டுவிட்டுக் 'கசக்கிறது' என்று முகத்தைச் சுளிப்பவர்களும், வெள்ளைத் தேயிலை வேறொரு செடியில் காய்க்கிறது என்று சாதிப்பவர்களும் இந்த வேலையை எளிது என்கிறார்கள் என்றால், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. செடி ஒன்றுதான். பறித்த கொழுந்தை உடனே சூடு காட்டி நிறுத்தினால் பச்சை. வெறுமனே வாடவிட்டுக் காயவைத்தால் வெள்ளை. வாடியதைக் கசக்கி, சிவக்கத் தொடங்கியதும் பாதி வழியில் மறித்தால் ஊலாங். கசக்கிய இலையைக் குளிர்ந்த ஈர அறையில் பரப்பி, செம்பு நிறத்துக்கு முழுக்கச் சிவக்கவிட்டு, அதன்பின் உலர்த்தினால் கறுப்பு. எதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அத்தனை சாமர்த்தியமும் இருக்கிறது. ஐந்து நிமிடம் முந்தினால் பச்சை வாடை நாக்கில் பிறாண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் சாறு செத்துப்போகும்.

ஆண்டுக்கு இரண்டு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் நாற்பது தொழிற்சாலைகளிலிருந்து நாற்பது தகரப் பெட்டிகள் அந்த அறைக்கு வரும். தொழிற்சாலைக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் மாதிரிக்கு ஒரு பிடித் தேயிலை. மேலே எண் மட்டுமே ஒட்டியிருக்கும். எந்த எண் எந்தத் தொழிற்சாலைக்கு உரியது என்பது பதிவேட்டுக்காரரின் இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கும். எண்களும் பருவத்துக்குப் பருவம் மாறும். முகம் பார்த்து ருசி சொல்லக்கூடாது என்பதற்காக நிறுவனத்தார் செய்த ஏற்பாடு அது.

நிறுவனத்துக்கு இன்னொரு விதியும் உண்டு: நல்லதுக்கு முத்திரை, குறைக்கு ஒரு வரி. சாறு சரியாக இருந்தால் சீட்டில் 'ஏற்கலாம்' என்ற ரப்பர் முத்திரையைக் குத்திவிட வேண்டும்; ஒரு சொல்கூட எழுதக்கூடாது. புகழ்ந்து எழுதினால் அதைப் பெட்டியின் மேல் அச்சடித்துவிடுகிறார்கள் என்று முன்னொரு காலத்தில் எழுந்த புகாரின் விளைவு. குறை இருந்தால் மட்டுமே ருசி பார்ப்பவர் தம் கைப்பட எழுதலாம். அந்தச் சீட்டு எண்ணின் வழியே உரிய தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகும்.

இந்தப் பருவத்தின் முதல் நாள். மேசை மேல் நாற்பது மூடிக் குவளைகள், நாற்பது கிண்ணங்கள். வெந்நீர்க்காரர் குவளைகளை வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தார். மணல் கடிகாரம் ஒருமுறை வடிந்ததும், சின்னவள் குவளைகளைக் கிண்ணங்களில் சாய்த்து, சாறு இறங்கிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு கரண்டியும் கையுமாக நடந்தாள். உறிஞ்சுவாள், நாக்கின் ஓரங்களில் ஓடவிடுவாள், பக்கத்தில் சக்கரத்தில் உருண்டு வரும் உயரமான தொட்டியில் துப்புவாள். விழுங்கக்கூடாது. விழுங்கினால் பத்தாவது கிண்ணத்துக்குள் நாக்கு மரத்துவிடும்.

"அம்மா, வெந்நீரைத் தனியா ஒரு கிண்ணத்துல வைக்கட்டுமா? அதுக்கும் ஒரு வரி எழுதிடுங்க" என்றார் வெந்நீர்க்காரர்.

"போன பருவமே எழுதியிருப்பேன். ரெண்டு தரம் கொதிக்கவிட்ட தண்ணி. நீங்க வயசுல பெரியவர்னு விட்டேன்."

"பாத்தீங்களா? தண்ணியையும் விடலை" என்று அவர் பதிவேட்டுக்காரரிடம் முறையிட்டார்.

ஒன்பதாம் கிண்ணத்தில் சின்னவளின் கரண்டி நின்றது. நிதானமான சாறு. அவசரமில்லாமல் சிவந்து, சரியான கணத்தில் நெருப்பைக் கண்ட இலை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரண்டியில் இருந்ததைத் துப்பாமல் விழுங்கினாள்.

ஒவ்வொரு பருவத்திலும் அவள் செய்த ஒரே விதிமீறல் அது. நாற்பதில் மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்து, இது அக்காவின் கைதான் என்று தனக்குள் முடிவு கட்டி, ஒரே ஒரு வாய் விழுங்குவாள். பதினோரு ஆண்டுகளில் அக்கா வீட்டில் அவள் குடித்த தேநீர் அவ்வளவுதான். அக்காவின் தொழிற்சாலையும் அந்த நாற்பதில் ஒன்று என்பது அவளுக்குத் தெரியும். அக்கா அங்கே இலை சிவக்கும் அறையின் பொறுப்பில் இன்னும் இருக்கிறாள் என்பதும் தெரியும். அக்கா கையில் சிவந்த இலை நாற்பதில் முதலாவதாக அல்லாமல் வேறெப்படி இருக்கும்?

பதினேழாம் கிண்ணத்தில் அவள் முகம் மாறியது.

"வந்துடுச்சா?" என்றார் பதிவேட்டுக்காரர், தலையை நிமிர்த்தாமலே.

"வந்துடுச்சு."

"போன தடவை முப்பத்தொண்ணு. அதுக்கு முன்னாடி நாலு. எந்த நம்பர்ல ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சிடறீங்க. அந்தத் தொழிற்சாலைக்கும் உங்களுக்கும் என்னதான் பகையோ."

"பேரைச் சொல்லுங்க, பகையை நேர்லயே தீர்த்துக்கறேன்."

"பேரைச் சொன்னா என் வேலை போயிடும். சீட்டை எழுதுங்கம்மா."

நல்ல கொழுந்து, ஒழுங்காக வாடியிருந்தது, ஒழுங்காகக் கசங்கியிருந்தது. இலையைச் சிவக்கவிடும்போது மட்டும் பத்து நிமிடம் முந்தி எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பருவத்திலும் அதே குறை. அதே பத்து நிமிடம். தெரியாமல் செய்பவனின் தவறு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். இது மாறவே இல்லை. சின்னவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தொழில் தெரிந்தவர் செய்யும் அலட்சியத்தைவிட அவளுக்கு ஆகாதது வேறொன்று உண்டென்றால், அது மண்கெண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான். சீட்டை இழுத்து எழுதினாள்:

'இந்தக் கை தெரியாத கை அன்று. எல்லாம் தெரிந்தும் கடைசியில் அவசரப்படுகிறது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?'

அது மூன்று வரி ஆயிற்று. விதி ஒரு வரி என்கிறது. வெந்நீர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "காதலன்கூட இவ்வளவு எழுத மாட்டான்" என்று முணுமுணுத்தார்.

*

அன்று மாலை தான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பியதும் சின்னவள் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய மூடியை எடுத்தாள். கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு மண்மூடி. நடுவில் மொட்டுப் போன்ற குமிழ். அதற்குரிய கெண்டி அவளிடம் இல்லை.

அந்தக் கெண்டியின் கதை இதுதான். அக்காவும் அவளும் ஒரே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் ஒரு குயவரின் கடையில் அதை எடுத்தார்கள். மெருகு பூசாத செம்மண் கெண்டி. மெருகு இல்லாத மண் தன்னில் ஊற்றுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அதனால் அதற்கு ஒரே வகைத் தேயிலைதான் போட வேண்டும். சோப்பு அதன் பக்கத்திலேயே போகக்கூடாது; போனால் பிறகு குடிப்பதெல்லாம் சோப்புத்தான். குடித்து முடித்ததும் வெந்நீரில் அலச வேண்டும். மிச்சமான சாற்றை வெளிப்புறத்தில் வார்த்துத் துணியால் தேய்க்க வேண்டும். கடைசியாக, மூடியைக் கழற்றித் தனியே வைத்து, கெண்டியைக் கவிழ்த்து உலரவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும். அக்கா இவற்றில் ஒன்றையும் தவறவிடமாட்டாள். "புருஷனைக்கூட இப்படித் துடைச்சுத் துடைச்சு வச்சுக்க முடியாது. அதான் நான் கட்டிக்கலை" என்பாள். பத்தொன்பது ஆண்டுகளில் கெண்டி கறுத்து, எண்ணெய் தடவாமலே மின்னத் தொடங்கியது.

அப்போதுதான் கலவை நிறுவனத்தில் ருசி பார்ப்பவரின் நாற்காலி காலியாயிற்று. அக்கா, தங்கை இருவரையும் தேர்வுக்கு அழைத்தார்கள். தங்கை நாக்கைப் பழக்கிக்கொள்ளட்டும் என்று, அவளுடைய முறையையும் சேர்த்து அக்காவே நான்கு நாள் ஈர அறையில் நின்றாள். ஐந்தாம் நாள் அக்காவுக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துப் போன ஆளுக்குச் சாறும் ஒன்று, சாக்கடையும் ஒன்று.

"ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லு. ஒரு வார்த்தை சொன்னா போதும், கேட்பாங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

தேர்வு அறையில், "அக்கா வரலையா?" என்று கேட்டார்கள்.

"வரலைங்க" என்றாள் சின்னவள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்துச் சென்றாளா என்றால் அதுவும் இல்லை. கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. வெந்நீர் தயாராக இருந்தது. அவளுடைய நாக்கு அன்றைக்குக் கத்தி போல் இருந்தது. அவ்வளவுதான். நாற்காலி அவளுக்குக் கிடைத்தது.

"கேட்டியா?" என்றாள் அக்கா, நியமனக் கடிதத்தைப் படித்துவிட்டு.

"கேட்கலை."

அந்தச் சொல்லோடு பேச்சு நின்றது. மறுநாள் காலை சின்னவள் அவசர அவசரமாகச் சாமான்களை அள்ளிக் கட்டினாள். புது ஊரில் பெட்டியைத் திறந்தபோது, அவளுடைய குவளைகளுக்கு நடுவே இந்த மூடி இருந்தது. ஜன்னல் ஓரத்தில் தனியே உலர்ந்துகொண்டிருந்ததைக் குவளைகளோடு சேர்த்து வாரியிருக்கிறாள். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கெண்டியாக இல்லாமல், ஈரத்தோடு மூடி வைக்கும் சோம்பேறி வீட்டுக் கெண்டியாக இருந்திருந்தால், மூடி கெண்டியின் மேலேயே இருந்திருக்கும்.

திருப்பி அனுப்ப நான்கு முறை கடிதம் எழுதத் தொடங்கினாள். 'நலம், நலமறிய அவா' என்பதைத் தாண்டி எந்தக் கடிதமும் போகவில்லை. மூடியின் உட்புறத்தில் முதலிரண்டு ஆண்டுகள் தேயிலை மணம் இருந்தது. பிறகு இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். தேநீர் படாத மண் மெல்ல மெல்ல வெளுத்தது.

*

மூன்று வாரம் கழித்து, முற்பகல் பதினொரு மணிக்கு, ஓர் இளைஞர் ருசி அறையின் வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் ஒரு கோப்பு. கையில் ஒரு தகரப் பெட்டி. இந்தப் பருவத்தில் பதினேழாம் எண்ணைப் பெற்ற தொழிற்சாலையின் புது மேலாளர் அவர். தம் தொழிற்சாலையின் சீட்டைப் பற்றி விளக்கம் கேட்க மேலாளருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

"வாங்க, பதினேழு" என்றாள் சின்னவள். "உங்களைப் பார்க்கணும்னு எனக்குப் பல வருஷமா ஆசை."

"எனக்கும்தான் மேடம். ஆறு மாசமா உங்க சீட்டால நான் தூங்கலை."

"குறை இல்லாம அனுப்புங்க. நல்லாத் தூங்கலாம்."

"அதுதான் வேடிக்கை. குறையே இல்லை." அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எங்க தேயிலையைக் கிடங்குல எந்த மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தாலும் அருமையா இருக்கு. மாதிரிப் பெட்டி மட்டும்தான் பச்சை வாடை. பழைய மேலாளர் கண்டுக்கலை. எப்பவும் ரெண்டாம் வரிசைன்னு விட்டுட்டார். நான் இந்தத் தடவை கூடவே நின்னு பார்த்தேன். இலை சிவக்கற அறையில ஒரு அம்மா இருக்காங்க. கை வச்சா பொன்னு. மாதிரி எடுக்கிற அன்னிக்கு மட்டும் ஒரு தட்டைத் தனியா ஒதுக்கறாங்க. பத்து நிமிஷம் முன்னாடியே உலர்த்தப் போட்டுடறாங்க. வேணும்னே."

சின்னவள் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அது என் சொந்த விஷயம்'னாங்க. தொழிற்சாலைத் தேயிலை இவங்க சொந்த விஷயமாம். சரின்னு அவங்க அலமாரியைத் திறக்கச் சொன்னேன். கதவோட உள்பக்கம் முழுக்க இதை ஒட்டி வச்சிருக்காங்க." கோப்பைத் திறந்து மேசையில் பரப்பினார். "கிழியாம எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

அத்தனையும் சீட்டுகள். முதல் சீட்டில் 'ஏற்கலாம்' என்ற முத்திரை மட்டும் இருந்தது. அது சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பருவம். அக்கா ஒழுங்கான தேயிலையை அனுப்பியிருக்கிறாள். பதிலுக்கு ஒரு ரப்பர் துண்டின் மை போயிருக்கிறது. இரண்டாவது சீட்டிலிருந்து கடைசி வரை சின்னவளின் கையெழுத்து. இருபத்திரண்டு சீட்டுகள், நாள் பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன.

'பச்சை வாடை. அவசரம்.'

'மீண்டும் அவசரம்.'

'நல்ல கொழுந்தை ஏன் இப்படிப் பாழாக்க வேண்டும்?'

'பொறுமை இல்லாதவருக்கு இந்த அறையில் என்ன வேலை?'

'இதைச் செய்தவருக்குத் தாம் செய்தது தெரியும் என்றே நினைக்கிறேன். ஒரு முறையாவது பொறுத்திருக்கலாம்.'

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். யாரோ ஒரு முகமறியாத அலட்சியக்காரருக்கு எழுதிய வரிகள். இப்போது அவை போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அவற்றின் முகம் அவளுடையதாகவே இருந்தது. ஒரு வாரம் பொறுக்காதவள், பதினோரு ஆண்டுகளாக, பருவத்துக்கு ஒரு முறை, 'பொறுத்திருக்கலாம், பொறுத்திருக்கலாம்' என்று அக்காவுக்கே எழுதி அனுப்பியிருக்கிறாள். அக்கா அதை வாங்கிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

ஒரு சீட்டில் 'பச்சை' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அந்தப் பருவத்தில் சின்னவளுக்குக் கடுங்காய்ச்சல், எழுதத் தெம்பில்லை. அதன் ஓரத்தில் பென்சிலால், அக்காவின் குண்டு எழுத்தில், சின்னதாக எழுதியிருந்தது: 'உடம்பு சரியில்லையா?'

அந்தக் கேள்வி ஏழு ஆண்டுகளாக ஓர் அலமாரிக் கதவில் பதிலுக்குக் காத்திருந்தது.

"மேடம்?" என்றார் மேலாளர். "எனக்கு உங்ககிட்டயிருந்து ஒரு கடிதம் வேணும். இது தற்செயலா வந்த குறை இல்லை, திட்டம் போட்டுச் செஞ்சதுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா அவங்களை அறையிலிருந்து எடுத்துடுவேன். எடுக்க எனக்கு மனசே இல்லை. அவங்களை மாதிரி இலையோட மனசு தெரிஞ்ச ஆள் எங்க கிடைப்பாங்க? அதான் வயிறு எரியுது."

"பெட்டியில என்ன?"

"கிடங்குல இருந்து நானே எடுத்தது. அவங்க கைதான், ஆனா அவங்களுக்குத் தெரியாம எடுத்தது."

வெந்நீர்க்காரரை அவள் ஜாடையால் அழைத்தாள். அவர் புதுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். மணல் வடிந்தது. கிண்ணத்தில் சாய்ந்த சாறு செம்பும் பொன்னும் கலந்த நிறத்தில் இருந்தது. சின்னவள் உறிஞ்சினாள்.

இது ஒன்பதாம் எண் அன்று. இதுவரை அவள் விழுங்கிய எதுவும் இதுவாக இருந்ததில்லை. அவை நிதானமான சாறுகள், பழுதில்லாதவை, யாரோ ஒருவருடையவை. இதற்கு ஓர் ஓரத்தில் சிறு துணிச்சல் இருந்தது. இன்னும் அரை நிமிடம் போனால் கெட்டுவிடும் என்ற விளிம்பு வரை இலையை அழைத்துப் போய்ப் பிடித்து நிறுத்திய துணிச்சல். இந்தத் துணிச்சலைப் பக்கத்தில் நின்று பத்தொன்பது ஆண்டுகள் பார்த்தவள், அந்நியர்களின் சாற்றை அக்காவுடையது என்று கொண்டாடிவிட்டு, அக்கா அனுப்பியதைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நாக்கைப் பற்றி அவள் கொண்டிருந்த கர்வம் மொத்தமும் அந்த ஒரு கரண்டியில் இறங்கியது.

தொட்டியை வெந்நீர்க்காரர் அருகே உருட்டி வந்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு விழுங்கினாள். பிறகு கிண்ணத்தையே தூக்கி, மிச்சத்தையும் குடித்தாள். பதிவேட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

சீட்டை எடுத்தாள். பேனாவையும் எடுத்தாள். குறை இல்லை. குறை இல்லாதபோது எழுத விதி இல்லை. பேனாவை மூடிவிட்டு முத்திரையைக் குத்தினாள். அந்தச் சத்தம் அறைக்குப் பெரிதாக இருந்தது.

"கடிதம்?" என்றார் மேலாளர்.

வெள்ளைத் தாள் ஒன்றில் எழுதி, கையெழுத்திட்டு, அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வாய்விட்டுப் படித்தார்: "'மாதிரிகளில் இருந்த குறை உண்மை. அது தெரிந்தே செய்யப்பட்டது. செய்தவர்கள் இருவர். ஒருவர் இலையை முன்னதாக எடுத்தவர். மற்றவர், குறை அனுப்பினால்தான் தன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்ற நிலையில் அவரை வைத்தவர். இரண்டாமவர் நான்.'" அவர் நிமிர்ந்தார். "இதை நான் மேலிடத்துல எப்படிக் காட்டறது? புரியவே இல்லையே."

"அவங்க என் அக்கா."

மேலாளர் தாளை மேசையில் வைத்தார். அவர் குரலில் கோபம் ஏறியது. "அப்ப இது அக்கா தங்கச்சி சண்டை. நடுவுல என் தொழிற்சாலை பதினோரு வருஷமா ரெண்டாம் வரிசையில உட்கார்ந்திருக்கு. தபால்னு ஒண்ணு இருக்கறது உங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா?"

"தெரியும். திட்டுங்க. உங்க பக்கம்தான் நியாயம்."

நியாயத்தை ஒப்புக்கொண்டவரிடம் தொடர்ந்து கோபப்படுவது கடினம். அவர் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அடுக்கும்போது, பென்சில் எழுத்து இருந்த சீட்டில் அவர் கை தயங்கியது.

"அவங்க அறையிலேயே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா இனிமே மாதிரியை நான்தான் எடுப்பேன். குறை வராது. உங்க சீட்டும் அவங்களுக்குப் போகாது."

"போகக்கூடாது" என்றாள் சின்னவள். பின்பு, "உங்க வண்டியில இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

"முன்சீட்டு காலி. ஆனா மலை ஏறணும். மூணு மணி நேரம்."

"போற வழியில என் அறையில ஒரு நிமிஷம் நிறுத்தணும். ஒரு சாமான் எடுக்கணும்."

வெந்நீர்க்காரர் கதவைத் திறந்து பிடித்தார். "அளவுகோல்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்க. தெரிஞ்ச பேருதானே" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

*

மடியில் துணியில் சுற்றிய மூடியோடு அவள் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். எழுவாய் சரியாக வந்தது; பயனிலை ஒவ்வொரு வளைவிலும் மாறியது. 'மன்னிச்சிடு' என்பது குறுகலாக இருந்தது. 'அன்னிக்கு நான் ஏன் சொல்லலைன்னா' என்பது காரணம் கேட்டது. அவளிடம் காரணம் இல்லை. மேலாளர் இரண்டு முறை வானொலியைப் போட்டார். இரண்டு முறையும் அவராகவே அணைத்தார்.

தொழிற்சாலை அடையாளம் தெரியாமல் மாறவில்லை. வாசலில் தராசு அதே இடத்தில் இருந்தது. பின்பக்கம், பணியாளர் வீடுகளின் வரிசையில் மூன்றாவது வீட்டு ஜன்னலில், கறுத்த கெண்டி கவிழ்ந்து உலர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், மூடி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்னப் பீங்கான் தட்டு. பதினோரு ஆண்டுகளாக அந்தத் தட்டால் மூடியிருக்கிறாள். புது மூடி செய்யக் குயவரிடம் போகவில்லை.

இலை சிவக்கும் அறையின் கதவைச் சின்னவள் தள்ளினாள். ஈரமும் குளிரும் முகத்தில் அறைந்தன. தட்டுத் தட்டாகப் பரந்திருந்த இலையின் மேல் குனிந்து நின்றாள் அக்கா. தலை முழுக்க வெளுத்திருந்தது. காலடி ஓசை அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை.

"கதவைச் சாத்து. காத்து வருது."

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் பேச்சு அது. சின்னவள் கதவைச் சாத்தினாள்.

"மேலாளர் கூடவா வந்தே?"

"ஆமா."

"சீட்டெல்லாம் அவர்கிட்ட இருக்கு."

"கேட்டு வாங்கிக்கலாம்." பிறகு, "உடம்பு சரியில்லாமத்தான் இருந்துச்சு, அந்தத் தடவை. காய்ச்சல்" என்றாள் சின்னவள்.

அக்காவின் கை இலைக்குள் அசையாமல் நின்றது.

"எத்தனை நாள்?"

"ஒன்பது நாள்."

"ஒன்பது நாள் காய்ச்சல்ல எவ உன்னை ருசி பார்க்கச் சொன்னா?" அக்கா அப்போதுதான் திரும்பினாள். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "அது என்ன?"

"மூடி."

"வெளுத்திருக்குமே."

"வெளுத்துத்தான் போச்சு."

அக்கா கையை நீட்டவில்லை. அவள் விரல்களில் பச்சையும் செம்பும் கலந்த சாறு ஒட்டியிருந்தது. அந்தக் கையால் மூடியைத் தொடமாட்டாள் என்பது சின்னவளுக்குத் தெரியும்.

"அக்கா, அன்னிக்குத் தேர்வு அறையில நான்..."

"இலை ஆகலை" என்றாள் அக்கா. ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். "பேச்சுக் கொடுத்தா எனக்குக் கணக்கு தப்பும். உட்காரு."

மூலையில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. சின்னவள் அதன் மேல் உட்கார்ந்தாள். காற்றில் பச்சை வாடை இன்னும் முழுக்கக் கரையவில்லை. அடியில் எங்கோ ஒரு பழ மணம் எழத் தொடங்கியிருந்தது; மேலே வர அதற்கு நேரம் வேண்டும். பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டும் ஆகலாம். அந்த அறையில் மணல் கடிகாரம் கிடையாது; அக்கா எப்போதும் வைத்துக்கொண்டதில்லை. சின்னவள் மூடியைத் துணியோடு இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, அக்காவின் முதுகைப் பார்த்தபடி, காத்திருந்தாள்.